வடிவாம்பாள் பெட்டி

“செத்துப்போனவா பேரை மிஷினுக்கு வச்சிருக்கேளே, நாளைக்கு அது பேசித்துன்னா யார் பதில் சொல்றது?”

விஜயலக்ஷ்மி கேட்டது நியாயமான கேள்வி. அதனாலேயே பஞ்சாபகேசன் காதில் ஏறவில்லை.

“வெறுதே ஏதாவது சொல்லாதே விஜயம். அடுத்த வெள்ளத்துல போன், கரண்டு எல்லாம் போகும். இந்தக் கரமனை ஊரே அப்போ என்னைத்தான் நம்பியாகணும்.”

“கரமனை நம்பறது இருக்கட்டும். மாடி ரூமை இங்கிலீஷ் ட்யூஷனுக்குத் தரேன்னு என்கிட்ட சொன்னேளே?”

“ஆன்டெனாவுக்கு உசரம் வேணும். அங்கேதான் கிடைக்கும்.”

பன்னிரண்டு வருஷம் மாமியார் அந்த அறையை விடவில்லை. அவள் போனதும் பிள்ளை விடவில்லை.

டவர் வேண்டாம், நெட் வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோப் பெட்டி அடுத்த பெட்டிக்கு எழுத்துச் செய்தியைக் கைமாற்றிவிடும். அதுதான் அவர் ஏற்பாடு. ஒரு பெட்டி பக்கத்திலிருக்கும் ஆரியசாலையில், சிநேகிதர் தாணுமாலையனின் கடை மாடியில். இன்னொன்று பஞ்சாபகேசன் சட்டைப் பையில், சின்னத் திரையோடு. மூன்றாவது மாடி அறையில், அம்மாவின் பெயரோடு: வடிவாம்பாள். அது தானாக எழுதாது. ரகசிய நம்பர் போட்டுப் போனை அதோடு இணைத்தால்தான் எழுத முடியும். இணைக்கத் தெரிந்தவர் வீட்டில் தான் ஒருவர்தான் என்பது அவர் நினைப்பு.

கர்க்கடக மாதத்து மத்தியானம். மழை கொட்டியது. கரண்டு போயிற்று, டவரும் போயிற்று. பஞ்சாபகேசன் பரம சந்தோஷமாகக் கூடத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பை கீச்சிட்டது.

வடிவாம்பாள்: பஞ்சு, என் ரூம்ல என்ன இத்தனை கம்பி?

பஞ்சு என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் அஸ்தியை ஆற்றில் கரைத்து மூன்று வருஷமாகிறது.

ஆரியசாலை வழியாக வந்த செய்தியா என்று பார்த்தார். இல்லை. நேரே மாடியிலிருந்து. ஒரு படி ஏறினார். திரையில் சிக்னல் ஒரு கோடு கூடிற்று. இன்னொரு படி, இன்னொரு கோடு. அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. நீலகிரித் தைலம் மட்டும் மணத்தது. அம்மா முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்வது.

வடிவாம்பாள்: மூச்சு முட்டறது. எல்லாத்தையும் எடு.

அரை மணியில் அறை காலி. ஆன்டெனாவும் ஒயரும் கொல்லைக் குளியலறைக் கூரைக்குப் போயின. கடைசியாக வடிவாம்பாள் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுக்களை வழியாக வந்தார். விஜயலக்ஷ்மி மணிக்கட்டுவரை சேவை மாவில் முங்கியிருந்தாள்.

“என்னன்னா, முகம் வெளுத்திருக்கு?”

“ஒண்ணுமில்லை. ரூமை நீ எடுத்துக்கோ.”

“வேண்டாம் வேண்டாம். அம்மா ரூமாக்கும் அது.”

“எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ.”

சட்டைப் பை மறுபடி கீச்சிட்டது.

வடிவாம்பாள்: நாலு மணிக் காப்பியை இனிமே நீ போடு.

அடுத்த வாரம் மாடியில் ஆறு பிள்ளைகள், ஒரு கரும்பலகை. நாலு மணிக் காப்பியோடு வந்த பஞ்சாபகேசன் மேஜைமேல் அவள் போனைப் பார்த்தார். அவர் போனில் இருக்கும் அதே ரேடியோச் செயலி. மேலே பெயர்: வடிவாம்பாள்.

“நீயா?”

“ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஆறு வரைக்கும் வரிசையா ரகசிய நம்பர் வச்சா, பேய் எதுக்கு? எல்.கே.ஜி. குழந்தையே நுழையும்.”

“தைலம்?”

“எனக்கும் முழங்கால் உண்டு.”

தோற்ற வெட்கத்தைவிட, போன உயிர் திரும்பிய நிம்மதி அவருக்குப் பெரிதாக இருந்தது. “எல்லாம் சரி, காப்பியையும் என் தலையில கட்டினியே, அதுதான் அக்கிரமம்.”

சாக்பீஸ் நின்றது.

“நான் அனுப்பினது ரெண்டே ரெண்டு.”

காப்பிச் செய்தி வந்தபோது எதிரே இருந்த அந்த மாவுக் கைகள் அவருக்கு ஞாபகம் வந்தன. அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆறு பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“விஜயம், மூணாவதும் நீதான்னு பொய்யாவது சொல்லிடேன்.”