மரத்துக்கு முளைத்த தாடி

“ஏணிய இன்னும் கொஞ்சம் கிட்டப் போடுங்க. அந்தப் பக்கம் நெறைய தொங்குது பாருங்க!”

கொண்டோமினியம் மேனேஜர் சுகுமாறன் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தபோதுதான் புனிதா கேட்டுக்குள் நுழைந்தாள். ஏணியின் மேல்படியில் ஒருவர் கம்பி பிரஷ்ஷோடு, மரத்துக்குச் சவரம் செய்யத் தயாராக நின்றார்.

“சார்! நிறுத்தச் சொல்லுங்க சார்!”

புனிதா ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் புகார் சொல்லின.

“அது அழுக்கு இல்ல சார். லைக்கன்!”

“லைசன்ஸா?” சுகுமாறன் முகம் மாறியது. “எல்லா லைசன்ஸும் ஆபீஸ்ல இருக்கு மிஸ். நீங்க எந்த டிப்பார்ட்மெண்ட்?”

மூச்சிரைப்பு அடங்கட்டும் என்று புனிதா மரத்தில் சாய்ந்துகொண்டாள். இந்த விளக்கத்தை அவள் கிள்ளானிலிருந்து அம்பாங் வரைக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தும் ஓர் உயிர். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதுகூட இந்தக் குடும்பம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க எந்த மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. கையில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு மரப்பட்டையோடு மூக்கை ஒட்டி நிற்பாள். பின்னால் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, நம்பர் ஏதும் தெரியுதா? நமக்கும் சொல்லுங்கலா!” என்பார்கள். நாலு நம்பர் லாட்டரிக்கு மரம் மரமாகத் தேடுகிறவள் என்று நினைப்பு.

இத்தனை காலமும் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பஸ் புகையைக் குடித்து வளரும் சாம்பல் நிறத் திட்டுகள்தான். எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவை. ஒப்பந்த வேலை முடியப்போகிறது. “இங்க இதுவரைக்கும் யாரும் எழுதாத ஒரு இனமாவது கெடச்சா ஆய்வ நீட்டிக்கச் சொல்லிக் கேக்கலாம் புனிதா. இல்லன்னா மூடிடுவாங்க” என்று பேராசிரியர் நஜ்முதீன் சொல்லியிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் முந்தைய நாள், பிரிக்பீல்ட்சில் மோனோரயில் பாதைக்குப் பக்கத்தில், இந்தப் புதிய கட்டடத்தின் வேலிக்குள்ளே அவள் அதைப் பார்த்தாள். சிவப்புப் பூக்கள் தொங்கும் பாட்டில் பிரஷ் மரம். அதன் கிளைகளிலிருந்து சாம்பல் பச்சையில் நீள நீளமான தாடி. மலை உச்சியில், குளிரில், சுத்தமான காற்றில் மட்டும் வளரும் லைக்கன். நகரத்தில் யாரும் கண்டதில்லை. கண்ணாடி பவர் மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். “வெறும் படத்தக் காட்டுனா யாரும் நம்ப மாட்டாங்க. மரத்தோட வெச்சு நான் நேர்ல பாக்கணும். சனிக்கெழம வர்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாமப் பாத்துக்குங்க” என்றார்.

இதையெல்லாம் புனிதா சுருக்கிச் சொன்னாள். சுகுமாறன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இது அபூர்வமான சாமான்?”

“ரொம்ப அபூர்வம் சார். மரம் ரொம்ப நாளா இங்க இருக்கா?”

“என்ன மிஸ் இப்படிக் கேட்டுட்டீங்க? வெள்ளக்காரன் காலத்து மரம்! இங்க ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்துச்சுல்ல, அப்பவே நட்டது. இத வெட்டக்கூடாதுன்னே கட்டடத்தத் தள்ளிக் கட்டினோம். எங்க விளம்பரத்துலயே போட்டிருக்கு.”

ஏணி இறங்கியது. புனிதா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவோடு முடிந்திருக்கும். சுகுமாறன் நல்ல மனதோடு குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார்: ‘வாசல் மரத்தில் இருப்பது அபூர்வமான மூலிகை. யாரும் தொட வேண்டாம்.’

மறுநாள் காலை புனிதா வந்து பார்த்தபோது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு இழைகூட இல்லை. மரம் பாதிச் சவரத்தில் எழுந்து வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றது.

லிப்ட்டில் ஐந்தாம் மாடி இராஜம்மா ஆன்டி ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய்க்குள் புனிதாவின் கண்டுபிடிப்பு மிதந்துகொண்டிருந்தது.

“ஆன்டி, இது எதுக்கு?”

“முடிக்குத்தாம்மா. மரத்துக்கே தாடி வளருதுன்னா மனுசனுக்கு வளராதா? மூணாவது மாடி, எட்டாவது மாடி எல்லாரும் காய்ச்சிட்டாங்க. ஒனக்கும் முன்னால ஏறிக்கிட்டுதான் போவுது. கொஞ்சம் தரட்டா?”

புனிதா நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. ஆபீசுக்குப் போனால், சுகுமாறனின் தொப்பிக்குள்ளிருந்தும் அதே எண்ணெய் வாசம் வந்தது. அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் பைலைப் புரட்டினார்.

மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று புனிதா யோசித்தாள். திரும்பிப் போய் இராஜம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஆன்டி, இது சில பேருக்குத் தோல்ல ஒத்துக்காது. அரிப்பு வரும். பாத்துக்குங்க.”

அது பொய்யில்லை. ஆனால் இராஜம்மா அதை அப்படியே சொல்லவில்லை. அவர் குழுவில் அனுப்பிய குரல் செய்தி, “ஐயோ, அது வெசமாம்! யுனிவர்சிட்டிக்காரப் பொண்ணே சொல்லிருச்சு!” என்று ஆரம்பித்தது.

மத்தியானத்துக்குள் எண்ணெய் தேய்த்தவர்கள் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். தேய்க்காத சிலரும் சொறிந்தார்கள். பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் ஆபீசுக்குப் படையெடுத்தார்கள். சாயங்காலம் சுகுமாறன் போன் செய்தார்.

“சாரி மிஸ். வெள்ளிக்கெழம காலைல மரத்த வெட்ட ஆள் வருது. வெச மரத்த வாசல்ல வெச்சுக்கிட்டு நான் பதில் சொல்ல முடியாதுலா.”

புனிதா அப்போதுதான் மெகி நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். களைப்பில் ஒரு மனிதர் என்ன சொல்லக்கூடாதோ அதைச் சொன்னாள்.

“சார், அது வெசம் இல்ல. காத்து சுத்தமா இருந்தாத்தான் அது வளரும். புகை கொஞ்சம் பட்டாலும் செத்துரும். அது இங்க இருக்குன்னா ஒங்க கொண்டோவுக்கே பெருமை.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்,” என்றார் சுகுமாறன். “மெதுவா. எழுதிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை மரம் வெட்ட ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கேட்டின் மேல் ஒரு பெரிய பேனர் ஏறியிருந்தது. ‘பள்ளத்தாக்கிலேயே மிகச் சுத்தமான காற்று. அறிவியல் நிரூபணம்!’ ஓரத்தில் தாடி மரத்தின் படம். விற்காமல் கிடக்கும் வீடுகளைப் பார்க்க அன்றைக்கே இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன.

புனிதாவால் பேனரை ரசிக்க முடியவில்லை. இராஜம்மா ஆன்டி அவளைக் கையைப் பிடித்துக் கட்டடத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கறுப்புப் புகை சுவரோடு ஏறி நேராக ஐந்தாம் மாடி ஜன்னலுக்குப் போனது.

“கரண்டு பிரச்சினைன்னு தெனமும் இத ஓட்டறான். குடி வந்த நாள்லேருந்து சண்ட போடறோம். எங்க வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கறாரு. நேத்துதான் எல்லாரும் சேந்து ஆபீசுக்குப் போனோம். அந்த ஆளு என்ன சொல்றான் தெரியுமா? ‘மரத்தப் பாருங்க, காத்து சுத்தமாத்தான் இருக்கு. ஒங்க வீட்டுக்காரர டாக்டர்கிட்ட காட்டுங்க’ங்கறான். ஏம்மா, ஒந்தாடி சொல்றது நெசம், எம்புருசன் மூச்சு வாங்கறது பொய்யா?”

புனிதாவின் மூக்கே எரிந்துகொண்டிருந்தது. “ஒரு மரத்த வெச்சு அப்படி முடிவு பண்ண முடியாது ஆன்டி” என்றாள்.

“அத அவன்கிட்ட சொல்லு.”

போய்ச் சொன்னாள். சுகுமாறன் தான் எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்துக் காட்டினார். “நீங்க சொன்னதுதானே மிஸ்? ஒரு வார்த்த நான் சேக்கல.”

அன்று சாயங்காலம் வரை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் காவல் உட்கார்ந்தாள். உயரக் கிளையில் மிஞ்சியிருந்த தாடி காற்றில் ஆடியது. பேராசிரியரைக் கூப்பிட்டு, வர வேண்டாம், நான் பார்த்தது தப்பு என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தாள். சொன்னால் இராஜம்மா வீட்டுக்காரருக்கு மூச்சு கிடைக்கும்; அவளுக்குச் சம்பளம் கிடைக்காது. ஆனால் இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது? தாடி அங்கேதான் தொங்குகிறது. கண்ணால் பார்த்ததை எழுதுவதுதான் அவள் வேலை. போனைப் பைக்குள் போட்டாள். அதில் அவளுக்கு நிம்மதியும் இல்லை.

சனிக்கிழமை பேராசிரியர் நஜ்முதீன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கினார். ஓய்வு பெறும் வயதில் ஏணியில் ஏறினார். கீழே குடியிருப்பாளர்கள் கூடினார்கள். சுகுமாறன் புதுத் தொப்பியில் வந்திருந்தார். ஜெனரேட்டரை மட்டும் அன்றைக்கு நிறுத்தி வைத்திருந்தார்.

பேராசிரியர் லென்ஸால் பார்த்தார். ஒரு துளி மருந்து விட்டுப் பார்த்தார். ஓர் இழையை மெல்ல இழுத்து, உள்ளே ரப்பர் மாதிரி நீளும் வெள்ளை நரம்பைப் பார்த்தார். ஏணியின் மேலிருந்தே கத்தினார்.

“புனிதா, அதேதான்! மலையில இருக்கறது, ரயில் சத்தத்துல வளந்திருக்கு! இந்தப் பள்ளத்தாக்குக்கே மொத பதிவு. ஒங்க பேர்ல போடறோம். ஆய்வ இனி யாரும் மூட முடியாது.”

சுகுமாறன்தான் முதலில் கைதட்டினார். “கேட்டுக்குங்க! புரொபசரே சொல்லிட்டாரு!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சிலர் தட்டினார்கள். இராஜம்மா தட்டவில்லை. பேனரைப் பார்த்தார், புனிதாவைப் பார்த்தார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு லிப்ட் பக்கம் நடந்தார்.

புனிதாவுக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. பேராசிரியர் கை குலுக்கினார்; அவளும் குலுக்கினாள்.

“மரத்தப் பத்தி இன்னும் ஏதாவது தெரிஞ்சா எழுதறதுக்கு நல்லா இருக்கும்,” என்றார் பேராசிரியர். “யாரு நட்டது, எந்த வருஷம்...”

“வெள்ளக்காரன் சார், வெள்ளக்காரன்!” என்றார் சுகுமாறன்.

அப்போது கேட்டில் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் குதித்தார். சட்டையில் ‘லோகன் நர்சரி’ என்று போட்டிருந்தது. கூட்டத்தை அவர் பொருட்படுத்தவில்லை. நேராக மரத்திடம் போய்ப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு கொப்பை ஒடித்துப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

சுகுமாறன் அவசரமாகக் குறுக்கே வந்தார். “லோகா, இப்ப வேணாம். அப்புறமா வா. விருந்தாளிங்க இருக்காங்க, ஆபீஸ்ல பேசலாம்.”

“அட, பாத்துட்டுப் போறேன் பாஸ். செமினி வரைக்கும் போகணும்.” லோகன் தாடியை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். “கீழ இருந்ததெல்லாம் எங்க? காஞ்சு கொட்டிருச்சா?”

சுகுமாறன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். பக்கத்தில் லென்ஸும் கையுமாக நின்ற புனிதாவின் முகம் வெளிறியிருந்ததை லோகன் கவனித்தார். மரம் காய்வதற்காகக் கவலைப்படுகிற குடியிருப்பாளர் என்று நினைத்தாரோ என்னவோ, அவளிடம் ஆறுதலாகச் சொன்னார்:

“பயப்படாதீங்கக்கா, நட்டு ஆறு மாசம்தானே ஆவுது, வாரண்டி இருக்கு, பட்டுப்போச்சுன்னா கேமரன்மலையிலேருந்து இதே மாதிரி இன்னொண்ண, தாடியோடவே, லோரியில ஏத்தியாந்து நட்டுடறேன்லா!”