பதினாறு கோர்

நெருப்பு, சக்கரம், எங்கள் பதிவு அலுவலகத்தின் புதிய மடிக்கணினி. மனித குலம் முன்னே போன வரிசை இதுதான். முதல் இரண்டும் வந்தபோது நான் இல்லை. மூன்றாவதற்குக் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான்.

பழைய கணினியைப் பற்றிக் குறை சொல்ல விரும்பவில்லை. தட்டினால் நான்கு நிமிடத்தில் விழிக்கும். பிறகு நாள் முழுக்க உழைக்கும். ஒரு நாளில் நாற்பது பேருக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் அதன் மேல் சந்தேகம் வருவதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை தையல்காரம்மா ஒருவர் மகளோடு வந்தார். போன மாதம் நாங்கள் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் நகலை மேசைமேல் வைத்தார். ‘மகள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மகன்’ என்று இருந்தது.

“பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிருக்குங்க. மகன்னு போட்டிருந்தா எப்படிச் சேப்போம்னு கேக்குறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடுக்கணும். ஒரே ஒரு எழுத்து.”

மகளுக்குப் பதினொரு வயது இருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெஷின் கொஞ்சம் மெதுவும்மா. நாலு நிமிஷம் உக்காருங்க” என்றேன்.

மூன்றாவது நிமிடத்தில் பதிவாளர் அந்தப் பக்கம் வந்தார். ‘மெதுவு’ என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

“அணைய்யா அதை. இதுக்கு ஒரு முடிவு கட்டணும்.”

அணைத்தேன். தையல்காரம்மாவை அப்புறம் வரச் சொன்னேன்.

மறுநாளே ‘வேக மேம்பாட்டுக் குழு’ கூடியது. முதலில் கணினி பழுது பார்ப்பவர் பேசினார். பழைய மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, ஒரு பிடி தூசியை எடுத்துக் குழுவின் பார்வைக்கு வைத்தார்.

“மெமரிய கொஞ்சம் கூட்டி, ஹார்ட் டிஸ்க்க மாத்தினா போதும் சார். நீங்க பாக்குறது டைப் அடிக்கிற வேலை. அதுக்கு இந்தப் புராசசரே அதிகம்.”

“அதைவிடப் பெருசா வாங்கினா?” என்று கேட்டார் பதிவாளர்.

“அது இன்னும் அதிகமா சும்மா இருக்கும் சார்.”

எங்கள் அலுவலகத்தில் அந்தத் தகுதிக்கு எப்போதும் உரிய மரியாதை உண்டு. விற்பனையாளரை உள்ளே அழைத்தார்கள்.

“பழசுல ரெண்டு கோர் சார். இதுல பதினாறு.”

“கோர்னா?”

“ஒரே நேரத்துல பதினாறு வேலை பாக்கும்.”

“இங்க டைப் அடிக்கிறது ஒரே ஆளு” என்றார் பழுது பார்ப்பவர். அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

குறிப்பில் ‘16 கோர்.’ என்று எழுதினேன். வாக்கியம் முடிந்ததால் ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ‘விண்.’ என்றால் விண்ணப்பம், ‘சான்.’ என்றால் சான்றிதழ். பதிவாளர் குறிப்பைப் படித்தார். பச்சை மையால் ‘கோர்.’ என்பதை அடித்து, ‘கோரிக்கைகள்’ என்று விரித்து எழுதினார். பக்கத்தில் ‘நாளொன்றுக்கு’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். நான் பார்த்தேன். அவர் கையெழுத்து அழகாக இருந்தது.

வியாழக்கிழமை கணினி வந்தது. வெள்ளிக்கிழமை வாசலில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: ‘புதிய அதிவேகக் கணினி நாளொன்றுக்குப் பதினாறு கோரிக்கைகளைக் கையாளும் என்பதைப் பொதுமக்களுக்கு மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.’ காவலர் பதினாறு டோக்கன்களை வெட்டி வைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா திங்களன்று வரிசையில் இருபத்துமூன்றாவது ஆள். செவ்வாயன்று இருபது. புதனன்று பதினேழு. டோக்கன் இல்லாமலே என் மேசைக்கு வந்துவிட்டார்.

“ஒத்த எழுத்துங்க.”

“பதினாறுக்கு மேல குடுத்தா மெஷின் சூடாயிடும்மா.”

“அப்ப பழசுலயே அடிச்சுக் குடுங்க.”

“அது ரொம்ப மெதுவு.”

“நாலு நிமிஷம்தானே? நான் மூணு நாளா நிக்கிறேன்.”

பழைய கணினி அப்போது பீரோவின் உடைந்த காலுக்கு அடியில் இருந்தது. அந்தப் பணியிலும் அதன்மேல் புகார் ஏதும் இல்லை.

வியாழனன்று பழுது பார்ப்பவர் வாசலில் நின்று சுற்றறிக்கையைப் படித்தார். இரண்டு முறை படித்தார். நேரே பதிவாளரிடம் வந்தார்.

“சார், கோர்னா கோரிக்கை இல்ல. அது உள்ள இருக்குற மூளை மாதிரி. ஆயிரம் சான்றிதழ் அடிச்சாலும் அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

“கையெழுத்துப் போட்டாச்சே” என்றார். “திருத்தணும்னா எழுதிக் குடுங்க. அதுவும் ஒரு கோரிக்கைதான்.”

“இப்பவே எழுதித் தரேன்.”

“இன்னைக்குப் பதினாறு முடிஞ்சுபோச்சு.”

வெள்ளிக்கிழமை தையல்காரம்மா இருட்டோடு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். அன்று பக்கத்து அலுவலகத்தார் கணினியைப் பார்வையிட வந்தார்கள். அதன் வேகத்தை விளக்க, பதினாறு மாதிரிச் சான்றிதழ்கள் அடித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைய பதினாறு தீர்ந்தது.

திங்களன்று அவருக்கு முதல் டோக்கன் கிடைத்தது. கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. ‘ன்’ போய் ‘ள்’ வந்தது. தாள் சூடாக வெளியே வந்தது.

“சரியா இருக்காம்மா?”

வாங்கிப் பார்த்தார்.

“சரியா இருக்கு. சட்டுனு முடிச்சிட்டீங்க.”

“பொண்ணு வரலயா?”

“கடையில இருக்கா. வெள்ளிக்கிழமையோட இடம் போயிடுச்சு. மெஷின்ல உக்கார வச்சிட்டு வந்தேன்.”

சான்றிதழை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மாலையில் செயல்திறன் அறிக்கை அடித்தேன். ‘புதிய கணினியில் திருத்தத்துக்கு ஆன நேரம்: ஒரு வினாடி.’ அதைப் பார்த்துப் பதிவாளர் நெகிழ்ந்துபோனார். அடுத்த ஆண்டு இருபத்துநான்கு கோர் வருகிறதாம், இன்னும் எட்டுப் பேர் பயனடைவார்கள் என்றார்.

அறிக்கையின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: ‘பிழைக்கும் தாமதத்துக்கும் காரணமான பாகம்.’ என் பெயர் அதில் தாராளமாக அடங்கும். ‘பழைய புராசசர்’ என்று அடித்தேன்.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.