குழாய்க்கு ஓர் ஆப்பு

சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சவரம் செய்துகொண்டிருந்த கன்னையா கத்தியைக் கீழே போட்டார்.

ஏதோ சொட்டுச் சொட்டாக வந்திருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். வந்ததோ மணிக்கட்டுத் தண்டிக்கு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்கு அது ஒன்றுதான் குழாய். தைப்பூசத்துக்குப் பிறகு அதில் தண்ணீரை யாரும் கண்ணால் கண்டதில்லை. சந்துப் பெண்கள் குடமும் வாளியுமாக ஓடினார்கள். கன்னையா மட்டும் பாதி சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“போச்சு. இன்னைக்குப் பார்த்தா வரணும்” என்றார்.

தண்ணீர் வந்ததற்கு அழுகிற மனுஷனும் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

அந்தக் குழாயின் காலடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு மீட்டர். குழாய் தண்ணீருக்குப் பதில் புஸ்ஸென்று காற்று விடும். காற்று வரும்போதெல்லாம் மீட்டரின் முள் குஷியாகச் சுற்றும். மாதம் பிறந்தால் தண்ணீர் ஆபீஸிலிருந்து பில் வந்துவிடும். காற்றைக் குடித்ததற்கு எவன் பணம் கட்டுவான்? சந்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்து நாலு வரி இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பாவத்துக்காகக் கன்னையாவைச் செக்ரட்டரி ஆக்கினார்கள்.

செக்ரட்டரி மனு எழுதினார். குழாய் வறண்டு கிடக்கிறது, சாக்கடை நாறுகிறது, குப்பை வண்டி எட்டிப் பார்ப்பதில்லை, தெரு விளக்கு எரிவதில்லை, பில் மட்டும் வருகிறது என்று எழுதினார். ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். ஒரு மேஜைக்காரர் அடுத்த மேஜையைக் காட்டினார். அடுத்த மேஜைக்காரர், மீட்டர் சுற்றுகிறதென்றால் தண்ணீர் வருகிறதென்றுதான் அர்த்தம், மீட்டர் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்றார். கன்னையா விடவில்லை. கடைசியில் அந்த ஆபீஸ் பியூன் தம்புசாமி வந்து சேதி சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை துரையே நேரில் வருகிறார். குழாய் வறண்டிருந்தால் பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் புதுசு போடுவார், பில்லும் ரத்து. தண்ணீர் வந்தாலோ புகார் பொய். குழாயையே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

சந்துக்காரர்களுக்கு அது குழாய் விவகாரம். கன்னையாவுக்கு அப்படி இல்லை. மனைவி இராஜம்மாவுக்கு ஏழு மாசம். தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கோயில் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். கன்னையா வேலைக்குப் போகுமுன் ஒரு நடை எடுத்து வைப்பார், அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். போன வாரம் கூட்ஸ் வண்டியின் விசில் கேட்டுப் பதறி, குடத்தைத் தண்டவாளத்திலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அன்று அவள் கத்தவில்லை, அழவில்லை.

“நான் புள்ளையைச் சுமக்கவா, கொடத்தைச் சுமக்கவா? ஒண்ணைச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளை பிறக்குமுன் வாசலில் தண்ணீர் கொட்டும் என்று கன்னையா வாக்குக் கொடுத்தார். இப்போது கொட்டுகிறது. கொட்டிக் கெடுக்கிறது.

முதலில் குழாயை மூடப் பார்த்தார். முடிந்தால்தானே? தண்ணீரே வராத குழாயை யார் மூடுவார்கள்? திறந்த வாக்கிலேயே கிடந்து திருகு துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. இழுத்தார், தட்டினார், காலை ஊன்றித் திருகினார். பனியன் நனைந்ததுதான் மிச்சம்.

சரி, பிடித்துத் தீர்த்துவிடலாம் என்று அடுத்த யோசனை வந்தது. எல்லாரும் நிரப்புங்கள், இருக்கிற பாத்திரம் அத்தனையும் கொண்டு வாருங்கள், குழாயில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காதீர்கள் என்று சத்தம் போட்டார். செக்ரட்டரி சொல்லுக்கு அந்தச் சந்து அவ்வளவு மரியாதை கொடுத்தது அன்று ஒருநாள்தான். குடம், அண்டா, மண்ணெண்ணெய் டின், சோற்றுப் பானை எல்லாம் நிரம்பின. பெண்கள் தலை முழுகினார்கள். துவைக்காத போர்வையெல்லாம் வெளியே வந்தது. தண்ணீர் நின்றபாடில்லை. வழிந்து ஓடிச் சாக்கடையில் இறங்கி, மாசக்கணக்கில் மண்டிக் கிடந்த அசிங்கத்தையும் குப்பையையும் அடித்துக்கொண்டு போய்க் கிள்ளான் ஆற்றில் சேர்த்துவிட்டது. சாக்கடையின் அடியில் சிமெண்டு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

கன்னையா குனிந்து பார்த்தார். சாக்கடை பளபளவென்று இருந்தது. மனுவில் இரண்டாவது புகாரும் மூன்றாவது புகாரும் போன இடம் தெரியவில்லை.

இனித் தாமதித்தால் மானம் கப்பலேறிவிடும் என்று எதிர்வீட்டு வாலண்டைனிடம் ஓடினார். வாலண்டைன் ரயில்வே பட்டறையில் பிட்டர். இரும்போடு பேசிப் பழகியவர், மனிதர்களிடம் கொஞ்சம் கேலியாகத்தான் பேசுவார்.

“தண்ணி வேணும் வேணும்னு எழுதிக் கையெல்லாம் மசி. இப்ப தண்ணியை நிறுத்தணுமா? கன்னையா, ராத்திரி சரியாத் தூங்குனியா?”

“இது இன்னைக்கு ஒருநாள் வர்ற தண்ணி அண்ணே. தொரை பாத்துட்டுப் போனதும் நின்னுரும். அப்புறம் குழாயும் இருக்காது. இராஜம்மா திரும்பத் தண்டவாளம் தாண்டணும்.”

வாலண்டைன் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. உள்ளே போய், மனைவி கெர்ட்ரூட் ரொட்டி உருட்டும் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் ஒரு முனையைச் சீவிக் கூராக்கினார். கந்தைத் துணியைச் சுற்றினார். குழாயின் வாயில் வைத்து, சம்மட்டியால் ஓங்கி அடித்தார். குழாய் ஒருமுறை குமுறியது, பிறகு அடங்கியது. அது தன் மாமியார் கொடுத்த கட்டை என்று கெர்ட்ரூட் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியை அறுத்துத் தள்ளியதும் ஆப்பு இருப்பதே தெரியவில்லை.

தண்ணீர் நின்றது. ஆனால் சந்து பூராவும் தண்ணீர். இதை எங்கே ஒளிப்பது? குடங்கள் கட்டிலுக்கடியில் போயின. அண்டாவைப் பாயால் சுற்றி நிறுத்தினார்கள். கெர்ட்ரூட் தன் பெரிய தொட்டியின் மேல் பலகை போட்டு, லேஸ் துணி விரித்து, மாதா சுரூபத்தையும் இரண்டு மெழுகுவர்த்தியையும் வைத்தார். ஈர மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்கள். தலை முழுகிய பெண்கள் ஒருத்தியும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று கன்னையா உத்தரவு போட்டார். ஏறக்குறைய எல்லாருமே தலை முழுகியிருந்ததால் சந்து காலியாகிவிட்டது.

துரையின் மோட்டார் வந்து நின்றது.

துரை இறங்கினார். முகத்தில் சவரம் இல்லை. சட்டை கசங்கியிருந்தது. ஒரு கையில் பழுப்புத் தோல் பை. தண்ணீரை அளக்கும் கருவி அதற்குள்தான் இருக்கும் என்று வாலண்டைன் காதோடு சொன்னார். பின்னால் தம்புசாமி குடையோடு வந்தான். கன்னையா மாலையை நீட்டினார். துரை மாலையைப் பார்க்கவில்லை, கன்னையாவையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நேரே குழாயடிக்குப் போனார். குனிந்தார். குழாயைத் தட்டினார். அதன் கீழே உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒன்றும் வரவில்லை. துரையின் முகம் தொங்கிப் போயிற்று.

நம் கஷ்டத்தைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் இப்படி வருந்துகிறானே, தங்கமான மனுஷன் என்று கன்னையாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அந்தச் சூட்டோடு சூடாக மனுவை எடுத்து வாசித்தார். மீட்டர் காற்றில் சுற்றுவதை விவரித்தார். பில்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். சாக்கடைப் பத்தி வந்ததும் துரை பளபளக்கும் சாக்கடையைத் திரும்பிப் பார்த்தார். கன்னையா அந்தப் பத்தியை விழுங்கிவிட்டு, தெரு விளக்குக்குத் தாவினார். துரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர் எப்போது வரும்?

வரவே வராது என்று கன்னையா பெருமையோடு சொன்னார்.

துரை அப்படியே மீட்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உதட்டை நாக்கால் தடவினார். ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த இராஜம்மாவுக்குத் தாங்கவில்லை. எதிரியே ஆனாலும் வாசலுக்கு வந்தவனை வறண்ட வாயோடு அனுப்புகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. ஈரத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். கன்னையா கண்ணால் எரித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

துரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் வாங்கினார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அது மழைத் தண்ணீர் என்று கன்னையா முந்திக்கொண்டு சொன்னார். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. அதற்குள் கெர்ட்ரூட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. இராஜம்மா கொடுத்து, தான் கொடுக்காமல் இருந்தால் எப்படி? இஞ்சித் தேநீர் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மோர் வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து எலுமிச்சைச் சர்பத். ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஈரத் தலையோடு ஒவ்வொருத்தியாக வந்தாள். துரை ஒன்றையும் மறுக்கவில்லை. தண்ணீரில்லாத சந்தில் உட்கார்ந்து ஒரு மாடு குடிக்கிற அளவு குடித்தார். கன்னையாவுக்கு ஒவ்வொரு டம்ளரும் தன் தொண்டையில் கல்லாக இறங்கியது.

“எல்லாம் சேத்து வெச்சது தொரை. கெணத்துத் தண்ணி” என்றார். மழைத் தண்ணீர் என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்து, “கெணத்துல பேஞ்ச மழை” என்று திருத்தினார்.

துரை எழுந்து அவர் தோளைத் தட்டினார். கையை நீட்டினார், விடைபெறத்தான். கன்னையாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான் குழாய் மறுபடி குமுறத் தொடங்கியது.

வாலண்டைன் மெல்ல இரண்டடி பின்வாங்கினார். தன் வேலையைப் பற்றி அவருக்குத் தெரியும். கன்னையா துரையை மோட்டார் பக்கம் தள்ளாத குறையாக நகர்த்தினார். நகர்த்தி முடிக்கவில்லை. டமாரென்று ஒரு சத்தம். ஆப்பு பறந்து வந்து துரையின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்க் கெர்ட்ரூட்டின் வாசலில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் பாய்ந்து வந்து துரையைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை நனைத்தது.

கெர்ட்ரூட் ஆப்பை எடுத்து முந்தானையில் துடைத்து, இது போதும், பூரி உருட்டலாம் என்றார்.

கன்னையா கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது. புகார் பொய், குழாய்க்கு ஆப்பு வைத்த குற்றம் வேறு. வேலை போகலாம், போகட்டும். நாளைக் காலை இராஜம்மா நிறைவயிற்றோடு, குடத்தோடு, தண்டவாளத்தில் கால் வைப்பதுதான் அவர் கண்ணுக்குள் நின்றது. வாய்விட்டு அழுதுவிட்டார். நான்தான் அடைத்தேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், குழாயை மட்டும் எடுக்காதீர்கள் என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து கெஞ்சினார்.

தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தார்.

துரை கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து மீட்டர் பெட்டியின் மேல் வைத்திருந்தார். சட்டையையும் கழற்றியிருந்தார். தோல் பை திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு துண்டையும் வாசனைச் சவுக்காரக் கட்டியையும் எடுத்து, குழாய்க்கு அடியில் வசதியாக உட்கார்ந்து, தலைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டு வேறு.

வாலண்டைன் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். கன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்புசாமியின் பக்கம் போய் நின்றார்.

“தம்பி, இது என்ன மாதிரி பரிசோதனை? குழாயைப் புடுங்கிருவாரா?”

தம்புசாமி துரைக்குக் கேட்காமல் குடையை மறைவாகப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“எப்படிண்ணே புடுங்குவாரு? இன்னைக்கு அவரு வர்றப்ப இங்க தண்ணி கொட்டணும்னு, எங்க ஆபீஸ் ஆளுங்க மூணு நாளைக்கு முந்தியே மலைமேல போற குழாய் வால்வை அடைச்சு இந்தப் பக்கம் திருப்பிவிட்டாங்க, தண்ணி இங்க வந்து சேர இன்னைக்கு ஆயிருச்சு, அடைச்ச வேகத்துல திருகு கையோட வந்துருச்சு, இனி யாராலயும் தெறக்க முடியாது. அந்த மலைமேலதான் தொரை பங்களா.”