கணக்குச் சேருக்கு நான் கேட்ட வாக்கு

பக்தியும் அவசரமும் ஒரே ஆளிடம் இருந்தால் ஊருக்கு ஆபத்து. என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. அதற்கான தண்டனையை அனுபவித்தவர் எங்கள் கணக்குச் சேர்.

கொட்டாஞ்சேனையில் அவர் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்தேன். அவர் ஓய்வுபெற்ற கையோடு தேர்தலில் நின்று மாகாண சபைக்குப் போனார். அங்கேயும் சேர் சேராகவே இருந்தார். வீதி திருத்திய செலவுக் கணக்கு வந்தால், 'விடை இருக்கிறது, செய்கை எங்கே?' என்று சிவப்புப் பேனையால் எழுதித் திருப்பி அனுப்புவார். சபையில் நித்திரை கொண்ட ஒருவரை எழுப்பி நிற்க வைத்தார் என்றும் கேள்வி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரே திறந்த சாராயக்கடையை மூட வைத்தார்.

ஆகவே இரண்டாம் முறை அவர் நின்றபோது, கட்சிக்குள்ளேயே அவரைக் கவிழ்க்க ஆட்கள் கங்கணம் கட்டியிருந்தார்கள். (நான் ஒருவன் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.)

எங்கள் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போட்டால் மட்டும் போதாது. அந்தக் கட்சியில் நமக்கு யார் வேண்டுமோ அவருடைய இலக்கத்துக்கும் போட வேண்டும். முதல் முறை சேரின் இலக்கம் பதினாலு. அவர் வெல்ல வேண்டுமென்று பிள்ளையாரைத் தினமும் பதினாலு தரம் சுற்றியவன் நான். ஒவ்வொரு தேர்தலுக்கும் இலக்கம் மாறும் என்று பிள்ளையாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புது இலக்கம் வெளிவந்த நேரம் நான் கதிர்காமப் பாதயாத்திரையில் இருந்தேன்.

வாக்களிப்புக்குப் பத்து நாள் இருக்கத் திரும்பி வந்தேன். கால் கொப்புளம் ஆறமுன்னமே வாக்குக் கேட்க இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தவர்கள், தொடர்மாடி வீடுகள், ஒன்றையும் விடவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசியவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஒரு மாமி மட்டும் கேட்டா:

"தம்பி, நோட்டீசிலை இருபத்திமூண்டு எண்டெல்லோ கிடக்கு?"

"அது கள்ள நோட்டீஸ், மாமி! சேரைத் தோற்கடிக்க ஆரோ அடிச்சு விட்டிருக்கிறாங்கள். இஞ்சை தாங்கோ!"

வாங்கிக் கிழித்தேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பதினாலுக்கு வாக்குக் கேட்பது ஒன்று, கதவிடுக்குகளில் செருகியிருந்த 'கள்ள' நோட்டீஸ்களை உருவிக் கிழிப்பது மற்றது.

வாக்களிப்பு முடிந்த பின்னேரம் பிரசாதத்தோடு சேர் வீட்டுக்குப் போனேன்.

"சேர், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. வெள்ளவத்தை முழுக்கப் பதினாலுதான்!"

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பதினாலு?"

"உங்கடை பதினாலு, சேர்."

அவருடைய மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தா. "ஐயோ, அது உந்தச் சாராயக்கடை முதலாளியின்ரை இலக்கமெல்லோ! இவருக்கு இருபத்திமூண்டு!"

 அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப... அந்தக் கள்ள நோட்டீஸ்?"

"என்ன கள்ள நோட்டீஸ்?"

"ஒரு ஆயிரம் கிழிச்சுப் போட்டன், சேர்."

"அது நான் அடிச்சது," என்றார் சேர், மிக மெதுவாக.

அவர் காலில் விழுந்தேன். "எழும்பு மடையா," என்றார். "கட்சிக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு வருசமாச் செய்யேலாததை நீ பத்து நாளிலை செய்து முடிச்சிட்டாய்."

சேர் தோற்றார். எங்கள் கோயில் கூட்டம் மட்டும் சரியான இலக்கத்துக்குப் போட்டிருந்தால் வென்றிருப்பார், அவ்வளவு சொற்ப வாக்கு வித்தியாசம். பதினாலாம் இலக்கக்காரர் அமோகமாக வென்றார். மூடிக் கிடந்த சாராயக்கடை அந்த மாதமே திறந்தது. திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது, 'நமது வெற்றியின் தூண்' என்று எழுதி.

அன்று முதல் பிள்ளையாரை இருபத்திமூன்று தரம் சுற்றுகிறேன். (பிந்திய வாக்கு செல்லாது என்று தெரியும். மனம் கேட்பதில்லை.)

சேர் இப்போது வீட்டில் டியூஷன் கொடுக்கிறார். என்னோடு கோபமில்லை, போனால் தேத்தண்ணி தருவார். என் வீட்டில்தான் இன்னும் என்னைக் கேலி செய்வதை விடுகிறார்களில்லை. போன தேர்தலுக்கு, என் மனைவிக்கு அறவே பிடிக்காத ஒருவர் கைகூப்பிக்கொண்டு வந்து ஒரு கட்டு நோட்டீஸ் தந்துவிட்டுப் போனார். அவள் அதை அப்படியே என் கையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த மனுசனுக்கு ஒருக்கா நல்லா வாக்குக் கேட்டுக் குடுத்திட்டு வாங்கோப்பா."