கடலில் விழுந்த விமானிக்கு எத்தனை ஐஸ்கிரீம்?

பிரெமர்ட்டன், வாஷிங்டன் மாநிலம்
1984 மார்ச் 11, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திரு. கெஸ்லர் அவர்களுக்கு, எல்மர் ட்வெய்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மனைவி லோர்னாவும் ஓயாத மழையும் சுகம். அங்கே ஒஹாயோவில் தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமென்றும், தங்கள் முதுகுவலி மட்டும் நலிந்து போயிருக்கும் என்றும் நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் பசிபிக் கடற்போர்ப் பலகை ஆட்டத்தில் எல்லாம் சரி, விதிப்புத்தகத்தின் பதினான்காம் பிரிவை மட்டும் நீக்கிவிடுங்கள், இது விவரம் தெரிந்தவர்கள் ஆடும் ஆட்டம், இதில் ஐஸ்கிரீமுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிரிவு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடமாட்டீர்கள்.

கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தோரு வருடம் அளவுமானிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமை மதியங்களில் என் சாப்பாட்டு மேசையில்தான் ஆட்டம். ஜப்பான் பக்கம் ஹார்வி ஸ்ட்ரவுட். தளத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், பத்தொன்பது வருடத்தில் இரண்டே இரண்டு சனிக்கிழமைதான் தவறியவர், பையனாக இருந்தபோது அதே பசிபிக்கில் நாசகாரிக் கப்பலில் மாலுமியாகவும் இருந்தவர். அமெரிக்கா பக்கம் நாடீன் குபியாக், எங்கள் தெரு அஞ்சலகத்தை நடத்தியவர். நான் நடுவர். புள்ளி எழுதுவது லோர்னா.

முதல் வரைவில், ஆட்டம் முடியும்போது மிதக்கும் ஒவ்வொரு விமானந்தாங்கிக் கப்பலுக்கும் இருபது புள்ளி என்று எழுதியிருந்தேன். கப்பலைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன், பார்த்துக்கொண்டார்கள். நான்கு சனிக்கிழமை இரண்டு கடற்படைகளும் துறைமுகத்தை விட்டு அசையவில்லை. "நாடீன், கப்பலைக் கொஞ்சம் வெளியே எடுங்களேன்" என்றேன். "எதுக்கு? இங்கேயே நல்லாத்தானே நிக்குது. வெளியே போனா மூழ்கிடும்" என்றார். சரி, கடலில் இருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி என்று மாற்றினேன். அம்மையார் மொத்தக் கடற்படையையும் ஒரு கட்டம் வெளியே எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே விட்டார், நாயைக் காலார நடத்திக் கூட்டிவருவது போல. அதற்குள் ஹார்வி, எண்ணெய் இல்லாமல் கப்பல் எப்படி ஓடும் என்று பிடித்துக்கொண்டார். நியாயம்தானே என்று எரிபொருளுக்கு மட்டும் பதினேழு பக்கம் அட்டவணை போட்டேன். ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது, லோர்னா உட்கார்ந்தபடியே தூங்கினாள், ஹார்விக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு.

"அச்சு அசலா அப்படியே இருக்குடா எல்மர்! ரெண்டு வருஷம் அங்க இருந்தேன், எதிரியைப் பார்த்தது ரெண்டே தடவை. மிச்ச நாளெல்லாம் பெயின்ட்தான் அடிச்சேன்."

"அப்ப பெயின்ட் அடிக்கிறதுக்கும் ஒரு அட்டவணை போட்டுடுங்க" என்றார் நாடீன். குத்தலாகத்தான் சொன்னார். நான் போட்டுவிட்டேன்.

ஏழாவது வரைவில் அட்டவணைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூழ்கடிக்கும் கப்பலுக்குப் புள்ளி என்றேன். அப்போதுதான் வினை வந்தது. திரும்பி வரவேண்டியதில்லை என்றால் விமானம் இரண்டு மடங்கு தூரம் போகும் என்பதை நாடீன் கண்டுபிடித்துவிட்டார். நாற்பது விமான அட்டைகளை அனுப்பினார், ஹார்வியின் இரண்டு விமானந்தாங்கிகள் காலி, நாற்பது விமானங்களும் பெட்ரோல் தீர்ந்து கடலில் விழுந்தன. நாடீன் கைதட்டினார்.

"விமானத்துக்குள்ள ஆளுங்க இருக்காங்கம்மா" என்றார் ஹார்வி.

"அட்டையில ஆள் படம் எதுவும் காணோமே."

"தேடிப் போகமாட்டீங்க?"

"போனா எத்தனை புள்ளி?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். "பூஜ்யம்" என்றேன்.

ஹார்வி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தட்டில் பாதி ஆப்பிள் கேக்கை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். நாடீன் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பகடையை உருட்டிக்கொண்டிருந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், பாவமாக இருந்தது. "பொம்பளைகிட்ட என்னத்துக்கு இவ்வளவு கோபம் இவருக்கு?" என்றேன் லோர்னாவிடம். "கோபம் நாடீன் மேல இல்லைங்க, உங்க மேல. பூஜ்யம்னு எழுதினது யாரு?" என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது.

செவ்வாய்க்கிழமை காலை ஹார்வி வீட்டுக்குப் போனேன். படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டி முடித்தோம். பிறகு கேட்டேன்: "அந்தக் காலத்துல போர்ல, கடல்ல விழுந்த விமானியைத் தேடி நீங்க போனீங்களே, உத்தரவுக்காகவா?"

"உத்தரவு இருந்துச்சு. ஆனா ஐஸ்கிரீம் அதைவிடப் பெருசு" என்றார்.

விஷயம் இதுதான். அவர் இருந்த சின்னக் கப்பலில் ஐஸ்கிரீம் இயந்திரம் இல்லை, பெரிய விமானந்தாங்கிகளில் இருந்தது. கடலில் விழுந்த விமானியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கிருந்து வாளி வாளியாக ஐஸ்கிரீம் வரும். "ஒரு தடவை ஒரு லெப்டினன்ட்டை இழுத்துப் போட்டோம்டா. பல்லு கிட்டிப் போய்க் கிடக்கறான். எங்க சமையல்காரன் ஓடி வந்து அவன் காதுல கேக்கறான், 'சார், உங்க கப்பல்ல சாக்லேட்டா, வனிலாவா?' அவன் வனிலான்னான். சமையல்காரன் எங்களைப் பார்த்து, 'திரும்பத் தூக்கிப் போட்டுடலாமா?'ன்னான். அந்த லெப்டினன்ட் சிரிச்சான் பாரு! அந்தச் சிரிப்புலதான்டா அவன் பிழைச்சான்."

அன்று மதியமே பதினான்காம் பிரிவை எழுதினேன். மீட்கப்படும் ஒவ்வொரு விமானிக்கும் மூன்று புள்ளி. தவிர, மேசைமேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம், நிஜமாக.

சனிக்கிழமை ஹார்வி வந்தார், தொப்பியைக் கழற்றாமல். நாடீன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உட்காருங்க, காபி ஆறுது" என்றார். இந்த முறை விமானங்கள் திரும்பி வரும் தூரத்தை விரல்விட்டு எண்ணித்தான் அனுப்பினார். ஆனாலும் ஒன்று விழுந்தது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அம்மையார் மொத்தக் கடற்படையையும், போர்க்கப்பல் முதல் எண்ணெய்க் கப்பல் வரை, அந்த ஒற்றை அட்டையை நோக்கித் திருப்பினார்.

"நாடீன், ஜெயிச்சுக்கிட்டு இருக்கீங்க!"

"தெரியுது. சும்மா இருங்க எல்மர். அங்க ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு இருக்கான்."

அந்தக் கட்டத்தில்தான் ஹார்வியின் நீர்மூழ்கி ஒளிந்திருந்தது. பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் நாடீனின் பெரிய கப்பல் போச்சு. ஹார்வி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு உருட்டினார். ஒன்று. தன் தாக்குதல் தவறியதற்கு நாற்காலிமேல் ஏறி நின்று கத்திய கடற்படைத் தளபதியை நான் அன்றுதான் கண்டேன். "எடுத்துட்டாங்க! ஆளை எடுத்துட்டாங்கடா!" நாடீனும் கத்தினார், நானும் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப் பார்த்தார். லோர்னா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நாடீன் அதை ஹார்வி பக்கம் தள்ளினார். "சாக்லேட்தான். சாப்பிடுங்க." ஹார்வி தொப்பியைக் கழற்றினார். யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள், லோர்னா புள்ளி எழுத மறந்துவிட்டாள்.

பதினேழு பக்க அட்டவணையில் வராத போர், ஐயா, ஒரு கரண்டி ஐஸ்கிரீமில் வந்தது. ஆகவே பதினான்காம் பிரிவு உட்பட என் ஆட்டம் முழுமையானது, குறையற்றது, இறுதியானது. உடனே அச்சுக்கு அனுப்பலாம் என்று இதனால் உறுதி கூறுகிறேன். தங்கள் துணைவியாருக்கும், எழுத்துக்கோப்பவருக்கும், தங்கள் முதுகுக்கும் எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் பணிவுள்ள
எல்மர் ட்வெய்ட்

பி.கு.: தயவுசெய்து அச்சை நிறுத்துங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லோர்னா விதிப்புத்தகத்தை முதல்முறையாக முதலிலிருந்து படித்துவிட்டு, "ஏங்க, ஜப்பான் சண்டையே ஆரம்பிக்கலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். மூன்று முறை தேடிவிட்டேன். ஆரம்பித்தே ஆகவேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஹார்வியையும் நாடீனையும் வரவழைத்து ஆடிப் பார்த்தோம். நான்கு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இருவருக்கும் பூஜ்யம், சமமானால் விமானந்தாங்கி அதிகம் உள்ளவருக்கே வெற்றி என்று எழுதியிருக்கிறேன், அதனால் ஜப்பான் ஜெயிக்கிறது, யாரும் சாகவில்லை. "இதை அப்பவே யாராச்சும் நிஜ ஜப்பான்காரங்களுக்குச் சொல்லியிருக்கலாம்" என்கிறார் ஹார்வி. இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரிசெய்யவே வேண்டாம் என்கிறாள் லோர்னா. இப்போது மூவரும் உள்ளே சீட்டாடுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள்.