மில் நின்ற பத்து நிமிடம்

தொட்டிலில் கிடக்கும் பிள்ளை பெரிய சத்தத்தில் அசந்து தூங்கினால் அது நல்லதா, கெட்டதா? மூன்று வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. (தெரிந்திருந்தால் எங்கள் லிஃப்டில் தலை நிமிர்ந்து ஏறுவேன்.)

ராஜபாளையத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் எழும்புகிறது என்றதும், ஏழாவது மாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். ஹால் ஜன்னலைத் திறந்தால் மலை. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நூல் மில். வீடு பார்க்கப் போனது பொங்கலுக்கு மறுநாள், மில்லுக்கு லீவு. "எம்புட்டு அமைதி!" என்று சொன்னதும் நான்தான்.

குடிவந்த பிறகுதான், எங்களைப் பார்த்த மில் சுவரில் உள்காற்றை வெளியே தள்ளும் ஆறு பெரிய காற்றாடிகள் இருப்பதே தெரிந்தது. நாள் முழுக்க ஒரே 'ஊ...'.

யாழினி பிறந்தாள். அந்தச் சத்தத்திலும் பிரமாதமாகத் தூங்கினாள். வேறொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம். தூங்குகிறவள் தலைமாட்டில் கிலுகிலுப்பையை ஆட்டி எழுப்புவேன். அவள் வீறிட்டதும், "அப்பாடா, கேக்குது." தினமும் மூன்று வேளை. டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் இனிமேல்தான் கெடப் போகிறது என்று முடிவு செய்து மனு எழுதினேன்.

'பச்சிளம் குழந்தைகளின் உறக்கம் பறிபோகிறது' என்பது முதல் வரி. எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். (இடுப்பில் இருந்தவள் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.)

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் மட்டும், "ஏட்டி, மில்லு உனக்கு முந்தியே அங்கன இருக்குல்ல? அது மடியில போயி உக்காந்துக்கிட்டு, சத்தம் போடாதன்னா எப்படி?" என்றார்.

"போங்கத்தை, பிள்ளை காது முக்கியம்."

ஒரு மத்தியானம், சத்தம் அளக்கும் கருவியோடு அதிகாரி வந்தார். பின்னாலேயே மில் மேனேஜர். படுக்கையறையில், தொட்டிலுக்குப் பக்கத்திலேயே அளந்தார்கள்.

"கூடுதலாத்தாம்மா இருக்கு" என்றார் அதிகாரி. நான் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தேன்.

"இப்ப காத்தாடி நின்னா எம்புட்டு இருக்குன்னும் அளக்கணும். பத்து நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க" என்று அதிகாரி அவரிடம் சொன்னார்.

மேனேஜர் போன் போட்டார். நின்றது. முதல்முறையாக எங்கள் வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொட்டில் அசைந்தது. யாழினி கண்ணைத் திறந்து, எதையோ தொலைத்தவள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கத்தினாள். தூக்கினேன், ஆட்டினேன், பாடினேன். (பாடியிருக்கக் கூடாது.) கீழ்வீட்டுப் பிள்ளையும் அழ ஆரம்பித்தது.

அதிகாரி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, மில்லு ஓடுனதவிட இப்பல்ல கூடக் காட்டுது? இத நான் எங்க எழுத?"

"பிள்ளைக தூக்கம் பறிபோகுதுன்னு எழுதியிருக்காகளே, அங்கன எழுதுங்க சார்" என்றார் மேனேஜர்.

யாழினிக்கு மூச்சு அடைத்து முகம் சிவந்துவிட்டது. என் மானம் மரியாதை எல்லாம் மறந்துபோனது.

"அண்ணாச்சி, கும்பிடுதேன், மில்ல ஓட்டச் சொல்லுங்க!"

"சார் சொல்லணும் மேடம். இன்னும் ஆறு நிமிசம் கெடக்கு."

அத்தை அடுப்படிக்குப் போய், வெறும் மிக்சியை ஓடவிட்டார். யாழினி சட்டென்று வாயை மூடினாள்.

"மிக்சிய நிறுத்துங்கம்மா, நான் அளக்கணும்!" என்று அதிகாரி கத்தினார்.

"நீரு உம்ம பாட்டுக்கு அளந்துக்கிரும்."

ஆறு நிமிடமும் மிக்சி ஓடியது. காற்றாடிகள் 'ஊ' என்றதும் பிள்ளை தூங்கிவிட்டாள். அதிகாரி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே லிஃப்டுக்குப் போனார்.

இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த விசேஷ வீட்டில் எந்தப் பிள்ளை அழுதாலும், "ஏலே, மில்ல ஓட்டச் சொல்லு!" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது புதுச் சிக்கல். போன வாரம் மில்லிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் பழைய மனுவை இப்போதுதான் ஏற்று, அடுத்த மாதம் காற்றாடிகளை மில்லின் மறுபக்கச் சுவருக்கு மாற்றுகிறார்களாம். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரே பாராட்டு. யாழினி இன்னமும் அந்தச் சத்தம் இல்லாமல் தூங்குவதில்லை.

அனுபவப்பட்ட தாய்மார்கள் தயவுசெய்து சொல்லுங்கள். காற்றாடியை அங்கேயே விட்டுவிடச் சொல்லி நான் மறுபடி ஒரு மனு எழுதலாமா? எழுதினால், 'பச்சிளம் குழந்தைகளின் உறக்கம் பறிபோகிறது' என்ற அதே முதல் வரியைப் போடலாமா?