நீலாவுக்கு நூற்று இரண்டு டிகிரி

அஜ்மானிலிருந்து ஜெபல் அலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரிய முடிவுகளையெல்லாம் ஷார்ஜா நெரிசலில்தான் எடுப்பார்கள். அவ்வளவு நேரம் வேறெங்கும் கிடைக்காது. அந்தப் புதன்கிழமை காலை, கார் நகராமல் நின்ற நாற்பதாவது நிமிடத்தில், சேதுமாதவன் அப்படி ஒரு முடிவுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை தன் ஜெர்மன் மேலாளர் ஹோல்கர் வீட்டு விருந்துக்கு மனைவி நீலாவை அழைத்துப் போவதில்லை. அழைப்பு வந்த விஷயத்தையே அவளிடம் மூச்சு விடுவதில்லை. மேலாளரிடம், அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது.

பக்கத்து இருக்கையில் கௌஸ் முகைதீன் இருந்தார். கீழக்கரைக்காரர். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தினமும் சேதுவின் காரில் வருகிறவர். முழுத் திட்டத்தையும் கேட்டுவிட்டுக் கார்க் கண்ணாடியை இறக்கி, ஏற்றினார்.

"ஹோல்கர்கிட்டப் பொய் சொல்றது கஷ்டம் சேது."

"கண்டுபிடிச்சிடுவாரா?"

"கண்டுபிடிச்சாத்தான் பரவாயில்லையே. அந்த மனுசன் அப்படியே நம்பிடுவாரு."

ஹோல்கர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தண்ணீர் பம்புகள் விற்கும் அந்த அலுவலகத்தில் அவர் வருவதற்கு முன்னால் பத்து மணி என்றால் பத்தே கால் என்று எல்லோருக்கும் தெரியும். ஹோல்கருக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் அவர் உங்களைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டால் முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்து நிஜமாகவே சொல்லுவார். சேதுவின் பிறந்தநாளன்று எல்லோரும் சேர்ந்து தனக்கு ஏதாவது செய்வார்கள் என்று அவன் புதுச்சட்டையில் காத்திருக்க, பதினோரு மணிக்கு ஹோல்கர் வந்து வாழ்த்திவிட்டு, கேக் எங்கே என்று கேட்டார். அவர் ஊரில் பிறந்தநாள்காரன்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டுமாம். சேது தன் பிறந்தநாளுக்குத் தானே பேக்கரிக்கு ஓடினான். பதிலுக்கு கௌஸ் முகைதீன், ஹோல்கரின் பிறந்தநாளுக்கு முந்தின நாளே கையைப் பிடித்து வாழ்த்த, அவர் முகம் வெளுத்துவிட்டது. முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாதாம். "பார்த்தியா, சகுனத்துல நமக்கு மேல இருக்காங்க," என்றார் கௌஸ்.

இவையெல்லாம் வெளியே சொல்லிச் சிரிக்கக் கூடியவை. சேதுவுக்கு வெளியே சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

போன குளிர்காலத்தில் ஹோல்கர் அவனை மட்டும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அன்று மதியமே வயிற்றைக் காயப் போட்டுவிட்டுப் போனான். ஹோல்கரின் மனைவி உர்ஸுலா சூப் கிண்ணத்தோடு வந்து, வேண்டுமா என்று கேட்டார். திண்டுக்கல்லில் ஒழுங்காக வளர்க்கப்பட்ட எந்தப் பிள்ளையும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். "பரவாயில்லைங்க, வேண்டாம்." அடுத்து அவர் வற்புறுத்த வேண்டும், இவன் மறுக்க வேண்டும், அவர் கோபித்துக்கொள்ள வேண்டும், இவன் வேறு வழியில்லாமல் சாப்பிட வேண்டும். அதுதானே முறை. உர்ஸுலா, சரி என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உருளைக்கிழங்கும் அப்படியே வந்து அப்படியே போனது. கோழியும் போனது. கேக் போகும்போது சேதுவுக்குக் கண் கலங்கியது. அஜ்மான் திரும்பி, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தி, நின்றபடியே இரண்டு ஷவர்மா சாப்பிட்டுவிட்டு மாடியேறினான். விருந்து எப்படி என்று நீலா கேட்டதற்கு, மூச்சு முட்டச் சாப்பிட வைத்துவிட்டார்கள் என்றான்.

தானே இப்படி அவமானப்பட்ட இடத்துக்கு நீலாவை எப்படிக் கூட்டிப் போவது? நீலாவின் சங்கதி வேறு. மனதில் பட்டது வாயில் வந்துவிடும். கல்யாணமான புதிதில் உறவுக்காரர் வீட்டில் காப்பி சாப்பிடுறியாம்மா என்று கேட்டதற்கு, "சாப்பிடுறேங்க, சர்க்கரை கம்மியா," என்று முதல் தடவையிலேயே சொன்னவள். சேதுவின் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. கம்பெனி தீபாவளிக் கூட்டத்தில் எல்லோரும் பிரமாதம் என்று விழுங்கிக்கொண்டிருந்த பிரியாணியை, அரிசி வேகலையே என்று ஏற்பாடு செய்தவரிடமே சொன்னாள். அன்று சேது பார்க்கிங்கில் போய் நின்றுகொண்டான்.

இப்போது நேரம் வேறு சரியில்லை. ஜெர்மனியில் தலைமையகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள். யாரை என்று ஹோல்கர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சேது பதினோரு வருடமாக எதிர்பார்த்தது அது. நீலா ஒரு வாக்கியத்தில் அதைக் கவிழ்த்துவிடுவாள் என்று அவன் மனதார நம்பினான்.

சரியாகப் பத்து மணிக்கு ஹோல்கரின் அறைக்குப் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அடடா, அப்படியானால் நீங்கள் மட்டும் வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஹோல்கர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எத்தனை டிகிரி என்று கேட்டார். நூற்று இரண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவர் அதை செல்சியஸுக்கு மாற்றி எழுதினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலில் மனைவி தனியாக இருக்கிறார். நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

இன்றும் நாளையும் அவன் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையும் அவள் எழுந்திருக்கவில்லை என்றால் அவன் விருந்துக்கு வருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சேது வாசலைத் தாண்டுவதற்குள் அவர் உர்ஸுலாவுக்கு போன் போட்டுவிட்டார். உர்ஸுலா அந்தக் காலத்தில் நர்ஸாக இருந்தவராம்.

காலியான சாலையில் இவ்வளவு சீக்கிரமாக அவன் அஜ்மானுக்குப் போனதேயில்லை. போகும் வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தான். தேவைப்படவில்லை. கதவைத் திறந்தபோது நீலா சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. டிவியில் சீரியல்.

"என்ன ஆச்சு நீலா?"

"காய்ச்சல். நூத்தி ரெண்டு. உங்களுக்குத் தெரியாதா? உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே."

சேது செருப்பைக் கழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"உர்ஸுலா போன் பண்ணாங்களா? நீ அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன். என் வீட்டுக்காரர் சொன்னாருன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை கேக் சாப்பிட நான் வர முடியாமப் போயிடுமோன்னு அவங்களுக்கு ஒரே வருத்தம். எனக்கும்தான். இப்பத்தானே எனக்கே தெரியும்."

சேது வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டினாள். பேசக் கூடாதாம், நோயாளிக்கு அமைதி வேண்டுமாம். உர்ஸுலா சொன்னதையெல்லாம் அவள் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தாள். பூரண ஓய்வு. அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது. மணிக்கு ஒரு தரம் சூடாக மூலிகைத் தேநீர். அப்புறம், ஜெர்மனியில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம் ஒன்று: துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு கெண்டைக்காலிலும் சுற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கணவர்தான் சுற்ற வேண்டும் என்று உர்ஸுலா சொன்னாரா, நீலா சேர்த்தாளா என்று அவனால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மாலை ஐந்து மணிக்கு அந்தம்மா போன் செய்து விசாரிப்பார்களாம். ஜெர்மன்காரர் ஐந்து என்றால் எத்தனை என்பது சேதுவுக்குத் தெரியும்.

அன்றும் மறுநாளும் அவன் சமைத்தான். பெருக்கினான். குளியலறைக் குழாயில் வருவது வெந்நீராக இருந்ததால் ஐஸ்கட்டி போட்டுத் துண்டை நனைத்தான். பிழிந்தான், சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி பிழிந்தான். அவன் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இது ரசமா, துண்டு பிழிந்த தண்ணியா என்று நீலா கேட்டாள். ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும்போது அவன் கையில் நிஜமாகவே ஈரத்துண்டு இருந்தது. வியாழக்கிழமை கௌஸ் முகைதீன் கதவைத் தட்டி, வீட்டில் செய்த கஞ்சியைக் கொடுத்துவிட்டு, சேதுவின் இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கியையும் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார். படியிறங்கும்போது இருமினார்.

அன்று சாயங்காலம், ஒரு காலைச் சுற்றி முடித்து மறு காலை எடுக்கும்போது நீலா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு உங்களுக்கு அவ்வளவு வெக்கமா?"

இரண்டு நாளாக அவள் கேட்ட ஒரே நேரான கேள்வி அதுதான். இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது. அவன் குனிந்து துண்டின் ஓரத்தைச் செருகினான். ஏற்கெனவே செருகியிருந்ததை எடுத்து மறுபடி செருகினான். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை நீலாவுக்குக் காய்ச்சல் விட்டது. எட்டு மணிக்கே உர்ஸுலாவுக்கு அவளே போன் செய்து, நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். ஐஸ்கிரீம் டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டாள். சேது தடுக்கவில்லை. தடுக்கிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. ஜுமேராவில் ஹோல்கரின் வில்லாவின் முன்னால் காருக்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து, விருந்து நேரமான நான்கு மணிக்குச் சரியாக மணியடித்தார்கள்.

காய்ச்சல் பூரணமாக விட்டுவிட்டதா என்று உர்ஸுலா கேட்டார். "என் வீட்டுக்காரர் நல்லாப் பார்த்துக்கிட்டார். இனிமே வராது," என்றாள் நீலா. அடுத்து உர்ஸுலா கேக் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும், சின்னத் துண்டாக என்றாள் நீலா. எப்படி இருக்கிறது என்று கேட்டார். சேது கண்ணை மூடிக்கொண்டான்.

"புளிப்பா இருக்கு. மேலே போட்ட க்ரீம் நல்லா இருக்கு."

அவன் பார்க்கிங்கை நினைத்துக்கொண்டான். உர்ஸுலாவின் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தன் பிளம்ஸ் பழக் கேக்கைப் பற்றி ஒருவர் உண்மை சொல்வது இதுதான் முதல் தடவை என்றார் அவர். எல்லோரும் அருமை என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்களாம். இங்கே யார் பேச்சையும் எப்படிப் புரிந்துகொள்வதென்றே தனக்குத் தெரியவில்லையாம். போன குளிர்காலத்தில் ஒருவர் வந்து சூப், உருளைக்கிழங்கு, கோழி, கேக் நான்கையும் வேண்டாம் என்றுவிட்டார். தன் சமையல் பிடிக்கவில்லையா, தன்னையே பிடிக்கவில்லையா என்று ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்றார்.

யார் என்று அவர் சொல்லவில்லை. ஹோல்கர் முறுக்கைக் கவனமாகப் பார்த்தார். சேது மேசை விரிப்பின் பூக்களை எண்ணினான்.

"அவர் அன்னைக்கு ரெண்டு ஷவர்மா சாப்பிட்டார்," என்றாள் நீலா. "டையில பூண்டு சாஸ் இருந்துச்சு. நான்தான் துவைச்சேன். எங்க ஊர்ல மூணாவது தடவை கேட்டாத்தான் சரின்னு சொல்லுவாங்க."

பூமி பிளக்கவில்லை. ஜுமேராவில் அதற்கெல்லாம் அனுமதி கிடைக்காது போலிருக்கிறது. ஹோல்கர் எழுந்து போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். மூன்றாவது தடவை என்று எழுதி, கீழே கோடு போட்டார். பிறகு, கையோடு கையாக, ஜெர்மனிக்குப் போக விருப்பமா என்று சேதுவிடம் கேட்டார்.

பதினோரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. சேதுவின் வாய் அதுபாட்டுக்கு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார், நீங்களாகப் பார்த்து யாரை அனுப்பினாலும் சரி என்றது. ஹோல்கரின் கை புத்தகத்தை மூடப் போனது.

"இன்னும் ரெண்டு தடவை கேளுங்க," என்றாள் நீலா.

அவர் கேட்டார். நிதானமாக, ஒரே குரலில், இரண்டு தடவை. மூன்றாவதில் சேது தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றான். ஹோல்கர் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். அனுப்பலாம், ஆனால் மனைவியும் கூடப் போக வேண்டும். அங்கே யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள், இவர் பட்டினி கிடப்பார் என்று காரணமும் சேர்த்திருந்தார்.

ஆறு மணிக்கு விருந்து முடிந்தது. ஷார்ஜா நெரிசலில் கார் நின்றபோது சேது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தப்புத்தான் நீலா."

"ம்."

"ஜெர்மனிக்கு வருவியா?"

"வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும், முன்னால் நின்ற லாரி நகர்ந்ததும் இன்னொரு தடவை கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வேண்டாம் என்றாள். அஜ்மானில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டான்.

நீலா காலியான ஐஸ்கிரீம் டப்பாவை மடியில் வைத்து மூடியை அழுத்தினாள்.

"வர்றேன். ஆனா அங்க யாராவது விருந்துக்குக் கூப்பிட்டா, உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு நான் மட்டும் போயிட்டு வந்துடுவேன்."